எண்ணெய் ஊறும் நேரம்

புதனும் சனியும் ஆண்களுக்கு. செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு. எண்ணெய் தேய்த்துக் குளிக்க எங்கள் வீட்டில் இருந்த கிழமைக் கணக்கு இது. அமாவாசை ஆகாது, பிறந்த நட்சத்திரம் ஆகாது, வீட்டில் திதி வந்தால் ஆகவே ஆகாது. யாருக்காவது சளியோ காய்ச்சலோ இருந்தால் அவருக்கு மட்டும் அடுத்த வாரம். இத்தனை விலக்குகளையும் ஆச்சி பஞ்சாங்கம் பார்க்காமலே சொல்வாள். 1970-களில் தென்காசியில் ஒரு வளவு வீட்டில் வளர்ந்தேன். அந்த வளவில் எந்த வீட்டில் இன்று எண்ணெய் என்பது காலையிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். எண்ணெய் காயும்போது மிளகு வாசனை முற்றம் தாண்டிப் போகும்.

எண்ணெய் செக்கடியிலிருந்து வரும். எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டிய நல்லெண்ணெய். இரும்புக் கரண்டியில் ஊற்றி, நாலைந்து மிளகும் கொஞ்சம் சீரகமும் ஒரு சிட்டிகை பச்சரிசியும் போட்டு அடுப்பில் காட்டுவாள் ஆச்சி. அரிசி பொரிந்தால் பதம். கரண்டியை இறக்கிவிட வேண்டும். கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் பலகையைப் போட்டு, “ஏட்டி, வா” என்பாள்.

அவள் கைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உச்சியில் ஒரு உள்ளங்கை எண்ணெயை வைத்து, அது இறங்கும்வரை தட்டுவாள். பிறகு விரல் நுனிகளை முடிக்குள் விட்டு, தோல் எலும்பின்மேல் நகரும்படி அழுத்திச் சுற்றுவாள். முடியின்மேல் தேய்ப்பது தேய்ப்பே இல்லை என்பது அவள் கட்சி. உச்சியிலிருந்து நெற்றி, நெற்றியிலிருந்து பொட்டு, பொட்டிலிருந்து காதுக்குப் பின்னால், கடைசியில் பிடரி. பிடரிக்கு மேலே மண்டை தொடங்குகிற இடத்தில் இரண்டு பக்கமும் பெருவிரலை ஊன்றி நிறுத்துவாள். அந்த இடத்தில்தான் எனக்குக் கண் தானாக மூடும். காது மடலையும் விடமாட்டாள். மிச்ச எண்ணெய் உள்ளங்காலுக்கு.

பின்னாளில் அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூலைப் பற்றிப் படித்தபோது, எண்ணெய்ப் பூச்சைத் தலையிலும் காதிலும் பாதத்திலும் முக்கியமாகச் செய்யவேண்டும் என்று வாக்படர் சொல்லியிருப்பது தெரிந்தது. எண்ணெய் தேய்த்தால் வெந்நீரில்தான் குளிக்கவேண்டும் என்பது சித்தர் தேரையர் வகுத்த விதி. சனிக்கிழமை நீராடச் சொன்னது ஔவையாரின் ஆத்திசூடி. ஆச்சிக்கு ஔவையாரை மட்டும்தான் தெரியும். மற்ற இரண்டு பேர் சொன்னதையும் அவள் தன் மாமியாரிடம் கற்றிருந்தாள்.

எண்ணெய் ஊறவேண்டும். அதுவரைக்கும் பின்கட்டில் உட்கார்ந்திருப்போம். பிறகு வடித்த கஞ்சியில் சீயக்காய்ப் பொடியைக் குழைத்துத் தேய்த்தால் எண்ணெய் விடும். சீயக்காயோடு வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, காய்ந்த எலுமிச்சைத் தோல் எல்லாம் சேர்த்து மில்லில் அரைத்து வருவது. சீயக்காய்க்கென்று தனி மெஷின் இருந்தது. அதன் பக்கத்தில் நின்றாலே தும்மல் வரும். கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்ட சித்தி ஊருக்கு வரும்போது அரப்புப் பொடி கொண்டு வருவாள். உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்தது. அது கண்ணில் பட்டால் சீயக்காய் அளவுக்கு எரியாது என்பதால் எங்களுக்குச் சித்தியின்மேல் பிரியம் அதிகம்.

குளித்து முடித்தால் தூபக்காலில் கங்கு போட்டு சாம்பிராணி தூவி, அதன்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து வைப்பாள் அம்மா. கூடைமேல் கூந்தலை விரித்துப் படுக்கவேண்டும். தலை காய்ந்ததும் சிக்கெடுப்பது தனி வேலை. அது முடிய மத்தியானம் ஆகிவிடும்.

சாரல் விழத் தொடங்கிவிட்டால் சனிக்கிழமை எண்ணெய் குற்றாலத்துக்கு இடம் மாறும். தென்காசியிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். ஜூன் பிறந்து காற்று மாறினதும் அப்பா தூக்குவாளியில் எண்ணெயை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பேரருவிக்குப் பக்கத்தில் பாறைமேல் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் பாட்டில்களோடு காத்திருப்பார்கள். அப்பா துண்டைக் கட்டிக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டால் அதற்குப் பிறகு அவர் யாருக்கும் அதிகாரி இல்லை. எண்ணெய் தேய்ப்பவர் அவர் தலையில் தாளம் போடுவார், தோளைப் பிசைவார், விரல் விரலாகச் சொடக்கு எடுப்பார். கடைசியில் அருவிக்கு அடியில் போய் நின்றால், மிச்ச வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். பேரருவி தலையில் விழும் அடியில் எண்ணெயும் இறங்கும், ஒரு வாரத்து அலுப்பும் இறங்கும்.

பெண்கள் பக்கத்தில் அப்படி யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அம்மாவும் சித்தியும் படியோரத்தில் நின்றபடியே, தூக்குவாளியின் அடியில் மிஞ்சிய எண்ணெயை அவசரமாகத் தலையில் வைத்துக்கொண்டு, எங்களை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடுவார்கள். ஈரச் சேலையோடு திரும்பி வந்து பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் இட்லி வைக்கிற வேலையும் அவர்களுக்குத்தான். இன்று அருவியில் எண்ணெய், சோப்பு, சீயக்காய் எதுவும் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை போட்டிருக்கிறது. அருவியாய் விழும் சிற்றாற்றுத் தண்ணீரை நம்பி இருக்கிற ஊர்களை நினைத்தால் அது சரியான தடை. அருவிக்கு வெளியே எண்ணெய் தேய்க்கிற தொழில் இன்னும் இருக்கிறது.

தலையைத் தொடுகிற கைகளில் இன்னொரு ஜோடி உண்டு. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் முடி வெட்ட ஒரு பெரியவர் வீட்டுக்கே வருவார். வெட்டி முடித்ததும் கத்தியைப் பெட்டியில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் கோத்து மண்டையில் தட்டுவார். கை எலும்புகள் ஒன்றோடொன்று மோதி ஓசை எழும்பும். அடி மட்டும் பூவாய் விழும். அண்ணன் அதற்காகவே முடி வெட்டிக்கொள்ளச் சம்மதிப்பான். அவருடைய மனைவிதான் எங்கள் வளவில் பாதிப் பிள்ளைகளுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி. நான் பிறந்தபோது என் தலையில் முதலில் எண்ணெய் வைத்த கை அவருடையது என்று அம்மா சொல்வாள். பச்சிலை, கட்டு, பிரசவம் என்று ஊரின் வைத்தியம் பெரும்பகுதி அந்தச் சமூகத்திடம் இருந்தது. மருத்துவர் என்ற பெயரே அவர்களுக்கு உண்டு. ஆனால் எங்கள் தலையை முழுசாக நம்பிக் கொடுத்த அந்தப் பெரியவர் எங்கள் திண்ணையைத் தாண்டி உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. கூலியும் அறுவடைக்கு அறுவடை நெல்லாகத்தான். தலை பிடித்துவிடும் மரபின் பெருமையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசவேண்டும். அந்தப் பெருமையின் பெரும்பங்கு அவர்கள் கையில் இருந்தது. மரியாதை அவர்களுக்குப் போகவில்லை.

பெண்களுக்கு எண்ணெய் வைக்கப் பெண்கள்தான். செவ்வாய்க்கிழமை, ஆண்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போனபின், வளவின் பின்கட்டுப் படிகளில் அது நடக்கும். மேல்படியில் ஒருத்தி, அவள் காலடியில் ஒருத்தி, அதற்கும் கீழே ஒருத்தி. மேலே இருப்பவள் நடுவில் இருப்பவளுக்குத் தேய்க்க, நடுவில் இருப்பவள் கீழே இருப்பவளுக்குத் தேய்ப்பாள். பள்ளிக்கு லீவு போட்ட நாட்களில் நான் கடைசிப் படியில் இருந்திருக்கிறேன். அங்கே பேசப்பட்ட பேச்சை வேறு எங்கும் நான் கேட்டதில்லை. யார் முகத்தையும் யாரும் பார்க்கவேண்டியதில்லை. எல்லோரும் கிணற்றைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த வசதியில் புருஷன் கைநீட்டியதும், அடகு வைத்த சங்கிலியும், நின்றுபோன கருவும் தானாக வெளியே வரும். பதிலுக்கு யாரும் புத்தி சொல்ல மாட்டார்கள். கேட்கிறவளின் விரல் ஒரு நிமிஷம் நின்று பிறகு தேய்க்கும். அவ்வளவுதான் ஆறுதல்.

மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கும் மதுரையில் மீனாட்சிக்கும் எண்ணெய்க் காப்பு உற்சவம் நடக்கும். ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தபோது ஆச்சி கைகூப்பியபடியே சொன்னாள்: “அவளுக்காவது வருஷத்துக்கு ஒருக்கா ஆள் வச்சு எண்ணெய் தேய்க்காங்க.” பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு வரும் விதிகள் குளியலைவிடப் பெரியவை. அன்று வெயிலில் அலையக்கூடாது. பகலில் தூங்கக்கூடாது. மோர், இளநீர், பழையது எதுவும் ஆகாது. மிளகு ரசமும் துவையலும்தான். கனத்த வேலை செய்யக்கூடாது, ஊருக்குப் போகக்கூடாது. காரணம் கேட்டால் சூடு, குளிர்ச்சி, ஜலதோஷம் என்பார்கள். எனக்கு இப்போது வேறொன்று தோன்றுகிறது. இந்த விதிகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் கிடைப்பது ஒரு அரைநாள் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை லீவு என்பது ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு வந்த பழக்கம். வயலிலும் கடையிலும் உழைக்கிற ஒருவனைச் சும்மா உட்கார் என்றால் உட்காரமாட்டான். எண்ணெய் வைத்திருக்கிறாய், வெளியே போகாதே என்றால் உட்காருவான். அந்த விதியின் பலன் ஆண்களுக்கு முழுசாகக் கிடைத்தது. பெண்களின் வெள்ளிக்கிழமையில் வீடு கழுவி, விளக்குத் துலக்கி, கோலம் போட்டு, எல்லோருக்கும் மிளகு ரசம் வைக்கவேண்டியிருந்தது.

1980-களில் வங்கி வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தேன். எண்ணெய்க் கிழமைகள் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குள் அடங்கின; பிறகு தீபாவளிக்கு மட்டும் என்று ஆனது. முப்பத்தைந்து வயதில் தலைவலி பிடித்துக்கொண்டது. பிடரியில் தொடங்கி இரண்டு பொட்டையும் இறுக்கும் வலி. டாக்டர் பரிசோதித்துவிட்டு, இறுக்கத்தால் வரும் தலைவலி என்றார். திருவான்மியூர் இம்ப்காப்ஸ் மருந்துக் கடையில் சுக்குத் தைலம் வாங்கி வந்தேன். தைலம் இருந்தது, தேய்க்க ஆளில்லை. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்ற பதற்றத்தோடு நானே தேய்த்துக்கொள்வேன்.

சக ஊழியை ஒருத்தி பார்லருக்குக் கூட்டிப்போனாள். விலைப்பட்டியலில் தலை மசாஜுக்கு ஒரு நீளமான பெயர். தேய்த்துவிட்ட பெண் மணிப்பூரிலிருந்து வந்தவள், இருபத்திரண்டு வயதிருக்கும். நல்ல கை. ஆச்சி பெருவிரலை நிறுத்துகிற அதே இடத்தில் அவளும் நிறுத்தினாள். காசு கொடுத்து வாங்கும் இந்த சுகம் ஒன்றும் புதிதில்லை. 1759-இல் பாட்னாவில் பிறந்த தீன் முகமது இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடல்பிடிப்பும் சேர்ந்த ஒரு நிலையம் நடத்தினார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்ற இரண்டு அரசர்களுக்கு அந்தத் தொழிலில் நியமனம் பெற்றவர் அவர். 1851-இல் பிரைட்டனிலேயே இறந்தார். அரசர்களுக்குக் கிடைத்தது எனக்கும் கிடைத்தது. ஆனால் மணி பார்த்துத் தொடங்கி மணி பார்த்து முடிகிற தேய்ப்பு அது. எழுந்ததும் அடுத்தவர் காத்திருப்பார். நானும் நேரே காய்கறிக் கடைக்குப் போவேன்.

இந்த விஷயத்தில் எது உண்மை, எது ஐதீகம் என்று எனக்குப் பிரித்துக் காட்டியவள் என் மகள். பிசியோதெரபி படித்தவள். “உச்சியில தசையே கிடையாதும்மா. நெத்தியில ஒண்ணு, பின் மண்டையில ஒண்ணு. நடுவுல ரெண்டையும் இழுத்துப் பிடிச்ச ஒரு சவ்வு. பொட்டுல இருக்கறது மெல்லற தசை. பின் மண்டைக்குக் கீழ, பிடரியில இருக்கற சின்னச் சின்னத் தசைங்கதான் நாள் பூரா குனிஞ்சு வேலை செஞ்சா முறுக்கிக்கும்” என்றாள். உச்சியை விட்டு இறங்கியபின் ஆச்சியின் விரல் போன வழியெல்லாம் தசைகள் இருக்கிற வழிதான். அங்கே அழுத்தினால் இறுக்கம் விடுகிறது, மனசு அடங்குகிறது, தூக்கம் வருகிறது. இதில் ஐயமில்லை.

முடி வளருமா என்றால், அங்கே அவள் கை விரித்துவிட்டாள். ஜப்பானில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒன்பது ஆண்களுக்கு நாளுக்கு நான்கு நிமிஷம் என்று இருபத்துநான்கு வாரம் தலையைப் பிடித்துவிட்டார்கள். ஒவ்வொரு முடியும் சற்றுத் தடித்தது; முடியின் எண்ணிக்கை கூடவில்லை. அதுவும் ஒன்பது பேரை வைத்து மட்டும். தேங்காயெண்ணெய் முடிக்குள் இறங்கி, கழுவும்போது புரதம் போவதைக் குறைக்கிறது என்பதை 2003-இல் நிறுவியிருக்கிறார்கள். ஆகவே இருக்கிற முடிக்கு எண்ணெய் நல்லது. இல்லாத முடியை அது கொண்டுவராது. பொடுகு உள்ளவர்களுக்கு எண்ணெய் ஊறவைப்பது சில நேரம் கேடு. பொடுகோடு தொடர்புள்ள ஈஸ்டுக்குத் தலையின் கொழுப்புதான் இரை.

இரண்டு விஷயங்களில் அவள் கண்டிப்பு. பச்சைப்பிள்ளைக்கு மூக்கிலும் காதிலும் எண்ணெய் ஊற்றக்கூடாது. மூக்கில் ஊற்றியது நுரையீரலுக்குப் போனால் ஒரு வகை நிமோனியா வரும். தலையைப் பிடித்து உருண்டையாக்குகிற வேலையும் வேண்டாம். ஒன்றரை வயது வாக்கில்தான் உச்சிக்குழி மூடுகிறது. இன்னொன்று, கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பது. கழுத்தெலும்புகளின் வழியாக மூளைக்கு ஏறுகிற ரத்தக்குழாய் அப்போது கிழிந்து பக்கவாதம் வரலாம். பார்லரில் தலை கழுவும்போது கழுத்தைத் தொட்டி விளிம்பில் நெடுநேரம் மடக்கி வைப்பதிலும் அந்த அபாயம் உண்டு. குற்றாலத்துப் பாறையிலும் சலூன் நாற்காலியிலும் அந்தச் சொடக்கை எத்தனையோ பேர் கேட்டு வாங்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். தலையோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

ஆச்சி போனபிறகு அந்தக் கை அம்மாவுக்கு வந்தது. என் பிரசவத்துக்கு வந்தபோதும், மகள் பரீட்சைக்குப் படித்தபோதும், என் தலைவலி நாட்களில் எப்போதாவது வந்திருந்தபோதும் அம்மாதான் பலகையைப் போட்டாள். அவள் எழுபதைத் தாண்டி எங்களோடு வந்து தங்கியபோது ஒரு வெள்ளிக்கிழமை நான் எண்ணெய் காய்ச்சி அவளைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். “எனக்கு எதுக்குட்டி, தலையில என்ன முடியா கொட்டிக் கிடக்கு? நீ வேலையப் பாரு” என்று சமையலறைக்குள் போனாள். கையைப் பிடித்து இழுத்து வந்துதான் உட்காரவைக்க முடிந்தது. தேய்க்கத் தொடங்கியபோது தோள் விறைப்பாக இருந்தது. அடுத்தவர் கைக்குத் தலையைக் கொடுக்கும் பழக்கம் விட்டுப்போன உடம்பு. கொஞ்ச நேரம் போனபிறகு, “இன்னும் அழுத்தித் தேயி” என்றாள். அதற்குப் பிறகு, கல்யாணமான புதிதில் பின்கட்டுப் படியில் தனக்கு எண்ணெய் வைத்த பக்கத்து வீட்டு மதினியைப் பற்றிப் பேசினாள். அதுவரை நான் கேள்விப்படாத பெயர். அடுத்து வந்த வெள்ளிக்கிழமைகளில் நான் கூப்பிடும் முன்பே பலகை போடப்பட்டிருக்கும்.

அவள் இறந்தபோது ஊருக்குக் கொண்டுபோனோம். நீர்மாலை எடுத்து வந்தபின், குளிப்பாட்டுமுன், முறைப்படி ஒவ்வொருவராக வந்து எண்ணெயும் சீயக்காயும் தொட்டு அவள் தலையில் வைத்தார்கள். மகன், மருமகள், நாத்தனார், கொழுந்தன், பேரன், பேத்தி, எந்த வகையில் உறவு என்று எனக்கே தெரியாதவர்கள். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. உயிரோடு இருந்தபோது அந்தத் தலைக்கு எண்ணெய் வைத்தவர்களைவிட அன்று ஒரு மணி நேரத்தில் வைத்தவர்கள் அதிகம். பிறந்த அன்றும், நலங்கிலும், தீபாவளியிலும், கடைசி நாளிலும் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்கிற மரபு நம்முடையது. இடையில் இருக்கிற சாதாரண வெள்ளிக்கிழமைகளை மட்டும் சிலருக்குக் கொடுக்க மறந்துவிட்டோம்.

கடையில் இன்று எல்லாத் தைலமும் கிடைக்கிறது. மரச்செக்கு எண்ணெய் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஊறும் நேரத்தைத்தான் யாரும் பாட்டிலில் அடைத்துத் தருவதில்லை. உங்கள் வீட்டில் எல்லோர் தலைக்கும் எண்ணெய் வைத்த ஒருவர் இருப்பார். வருகிற விடுமுறையில் அவரை உட்காரவையுங்கள். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ, எதுவானாலும் சரி. விரல் நுனியால் அழுத்தித் தேயுங்கள். கழுத்தைத் திருக வேண்டாம். வெந்நீரைத் தயாராக வையுங்கள். அவர் குளித்துவிட்டு வரும்போது அன்றைய மிளகு ரசத்தை நீங்கள் வைத்திருக்கவேண்டும்.